நைலான் கிளிப் உடைந்தது: பொறுப்பு மோல்டரா, வாங்கியவரா?

கேள்வி: சிறிய இன்ஜெக்‌ஷன் மோல்டிங் பட்டறை நடத்துகிறேன்; உருகிய பிளாஸ்டிக்கை மோல்டு என்ற அச்சுக்குள் செலுத்திப் பாகங்கள் செய்வது எங்கள் வேலை. 30 சதவீதம் கண்ணாடி இழை கலந்த நைலான் 66-இல் கிளிப் செய்து ஒரு நிறுவனத்துக்கு அனுப்புகிறேன். மோல்டு அவர்களுடையது. எந்த பிராண்டு, எந்த கிரேடு என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதிவிடுவார்கள்; மூலப்பொருளை வாங்குவது நான். சரக்கு போய் இரண்டு மாதம் கழித்து, பொருத்தும்போது கிளிப் உடைகிறது, நைலானைச் சரியாக உலர்த்தவில்லை என்று சொல்லி பில் தொகையை நிறுத்திவிட்டார்கள். அவர்களுடைய உற்பத்தி லைன் நின்ற நஷ்டத்தை என் கணக்கில் பற்று எழுதி டெபிட் நோட்டும் வந்திருக்கிறது. பாக்கி வரும்வரை மோல்டைத் தராமல் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: மோல்டைப் பிடித்து வைக்காதீர்கள். ஒப்படைக்கப்பட்ட பொருளின் மீது உழைப்பையோ திறமையையோ செலுத்தியவர், கூலி வரும்வரை அந்தப் பொருளை வைத்துக்கொள்ளலாம் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் பிரிவு 170. உங்கள் உழைப்பு போனது கிளிப்பில். மோல்டை நீங்கள் பயன்படுத்தினீர்கள், அவ்வளவுதான். அந்த மோல்டையே பழுது பார்த்த கூலி பாக்கி இருந்தால் கதை வேறு. இல்லாவிட்டால், நம்பிக்கை மோசடி என்று கிரிமினல் புகார் வரும்; பண வழக்கில் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் நீங்கள் ஓட வேண்டியிருக்கும். கேட்டால் எழுத்துப்பூர்வ ரசீது வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுங்கள். கொடுக்கும் முன் ஒவ்வொரு கேவிட்டியையும் (பாகம் உருவாகும் குழி) கேட்டையும் (பிளாஸ்டிக் அதற்குள் நுழையும் வாய்) படமெடுத்து, கடைசி ஷாட் பாகங்களை ரன்னரோடு (பிளாஸ்டிக் ஓடிவந்த வழியில் உறைந்த தண்டு) சீல் வைத்து எடுத்து வையுங்கள். உடைந்தவை எல்லாம் ஒரே கேவிட்டியில் வந்தவை, அதுவும் வெல்டு லைனில் (இரண்டு பிளாஸ்டிக் ஓட்டங்கள் சந்தித்து ஒட்டும் கோடு) உடைந்தவை என்றால், குறை மோல்டில் இருக்க வாய்ப்புண்டு. மோல்டு கைமாறிய பிறகு அதை நிரூபிப்பது கடினம்.

இனி வழக்கின் உயிர்நாடிக்கு வருவோம்: கிளிப் ஏன் உடைந்தது? நைலானில் ‘நொறுங்குகிறது’ என்ற ஒரே அறிகுறிக்கு நேர் எதிரான இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று உங்கள் குற்றம், மற்றது அப்படியல்ல.

முதலாவது, ஈரத்தோடு மோல்டு செய்தது. கிரானுல்ஸில் (மூலப்பொருள் மணிகள்) ஈரம் 0.2 சதவீதத்துக்கு மேல் இருந்தால், 280 டிகிரிக்கு மேல் சூடான பேரலில் (மெஷினின் உருக்கும் குழாய்) அந்த நீர் நைலானின் மூலக்கூறு சங்கிலிகளை வெட்டிவிடும். மெஷினின் வாயான நாசிலில் ஒழுகும், மோல்டின் இடுக்கில் பிதுங்கி பிளாஷ் அடிக்கும், பாகத்தின் மேல் வெள்ளிக் கோடுகள் ஓடும். கோடுகள் தெரியாமலேயே பலம் போயிருப்பதும் உண்டு. இந்தச் சேதம் நிரந்தரம்.

இரண்டாவது, பாகம் இன்னும் ஈரம் குடிக்காதது. மெஷினிலிருந்து வந்த நைலான் பாகத்தில் ஏறக்குறைய நீரே இருக்காது. அந்த நிலையில் அது விறைப்பாகவும் எளிதில் உடைவதாகவும் இருப்பது அதன் இயல்பு. காற்றிலிருந்து ஈரம் ஏறிய பிறகுதான் முழு உறுதி வரும். சூட்டோடு பாலிதீன் பையில் போட்டு ஒட்டிய கிளிப், வாரக்கணக்கில் உலர்ந்தபடியே இருந்து, பொருத்தும்போது உடையும்.

இவை இரண்டையும் பிரித்துக் காட்ட வழி இருக்கிறது. உடையாமல் மிச்சமுள்ள அதே லாட் (ஒரே தொகுதி) கிளிப்புகளை ஐஎஸ்ஓ 1110 முறைப்படி 70 டிகிரி வெப்பத்திலும் 62 சதவீத ஈரப்பதத்திலும் எடை நிலைக்கும்வரை வைத்து, பிறகு பொருத்திப் பாருங்கள். உடையவில்லை என்றால் பொருள் கெடவில்லை. இப்படி ஈரம் ஏற்றும் கண்டிஷனிங்கைச் செய்யும் பொறுப்பை டிராயிங்கோ ஆர்டரோ யாரிடம் கொடுத்தது என்பதே மீதிக் கேள்வி. அப்போதும் உடைந்தால், ஐஎஸ்ஓ 307 முறைப்படி அதே லாட் கிரானுல்ஸின் விஸ்காசிட்டி எண்ணையும் கிளிப்பின் எண்ணையும் ஒப்பிடச் சொல்லுங்கள்; மூலக்கூறு சங்கிலிகள் வெட்டுப்பட்டால் இந்த எண் இறங்கும். கண்ணாடியின் எடையைக் கழித்துக் கணக்கிட வேண்டும். கிரானுல்ஸில் சரியாக இருந்து கிளிப்பில் பெரிதாக இறங்கியிருந்தால் குறை உங்கள் டிரையரிலோ பேரலிலோதான். கிரானுல்ஸிலேயே குறைவு என்றால் சப்ளையர் பதில் சொல்ல வேண்டும். கூடவே எரித்துச் சாம்பல் அளவு பார்த்தால் கண்ணாடி 30 சதவீதம் இருக்கிறதா என்று தெரியும். உருகுநிலை 260 டிகிரிக்குப் பதிலாக 220 அருகே தெரிந்தால் நைலான் 6 கலந்திருக்கிறது. சோதனையை என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில், இரு தரப்பும் சேர்ந்து சீல் வைத்த மாதிரியில் செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கிளிப்பில் 1.5 சதவீதம் ஈரம் இருக்கிறது, எனவே உலர்த்தாமல் மோல்டு செய்திருக்கிறார்கள் என்று அவர்கள் ஒரு ரிப்போர்ட்டை நீட்டினால் மிரள வேண்டாம். மோல்டு செய்த பிறகு நைலான் காற்றிலிருந்து அவ்வளவு ஈரத்தை இயல்பாகவே எடுக்கும். இன்றைய ஈரம், அன்று ஹாப்பரில் (மெஷினுக்குள் மணிகளைக் கொட்டும் தொட்டி) இருந்த ஈரத்தைப் பற்றி எதையும் சொல்லாது. இதை எழுத்தில் மறுத்துவிடுங்கள்.

உங்கள் பக்கத்தின் பலவீனத்தையும் இப்போதே பாருங்கள். டெசிகன்ட் டிரையரில் (ஈரம் நீக்கிய காற்றால் உலர்த்தும் கருவி) 80 டிகிரியில் சில மணி நேரம் உலர்த்திய பதிவு, அந்தக் காற்றின் வறட்சியைக் காட்டும் டியூ பாயின்ட் அளவோடு இருந்தால் நல்ல ஆதாரம். கம்ப்யூட்டரில் இருந்தால் பாரதிய சாக்ஷிய அதினியம் 2023 என்ற சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63 கேட்கும் சான்றிதழோடு எடுத்து வையுங்கள். திறந்து கிடந்த மூட்டையை வெறும் சூடான காற்று ஹாப்பரில் உலர்த்தியிருந்தால், எதிர்த்தரப்பின் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். ஈரமான வெளிக்காற்றையே சூடாக்கி ஊதும் ஹாப்பரால் நைலானை நம்பகமாக உலர்த்த முடியாது. ஆர்டரில் புதிய மூலப்பொருள் மட்டும் என்று இருந்தும் ரீகிரைண்ட் (கழிவை அரைத்த பிளாஸ்டிக்) கலந்திருந்தால், உடைந்ததற்கு அது காரணமோ இல்லையோ, ஒப்பந்த மீறல்தான்.

சரக்கு விற்பனைச் சட்டம் 1930, பிரிவு 16-இன்படி, எதற்காக வாங்குகிறேன் என்று சொல்லி உங்கள் திறமையை நம்பி வாங்கியவருக்கு, சரக்கு அந்தப் பயனுக்குத் தகுதியாக இருக்க வேண்டும். ‘நான் கவனமாகத்தான் செய்தேன்’ என்பது இங்கே பதிலாகாது. வணிகப் பெயர் சொல்லிக் கேட்ட பொருளுக்கு அந்தத் தகுதி நிபந்தனை இல்லை என்று ஒரு விதிவிலக்கு உண்டு. கிரேடைத் தேர்ந்தெடுத்தது அவர்கள் என்பதால், அந்த கிரேடே கிளிப்புக்குப் பொருந்தாது என்றால் நீங்கள் இதன் அடிப்படையில் வாதாடலாம். உலர்த்தியதில் குறை என்றால் இது கைகொடுக்காது.

சரக்கைப் பயன்படுத்திவிட்டார்கள், நியாயமான காலத்துக்குள் மறுக்கவில்லை. எனவே அதே சட்டத்தின் பிரிவு 42-இன்படி ஏற்றுக்கொண்டதாகவே பொருள். அதோடு எல்லாம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். முடியவில்லை. மொத்தமாகத் திருப்பி அனுப்பும் உரிமைதான் போகிறது. விலையில் குறைக்கவும் நஷ்டஈடு கேட்கவும் பிரிவு 59 அவர்களுக்கு இடம் தருகிறது.

டெபிட் நோட் அவர்கள் எழுதிய தாள். அதனால் மட்டும் கடன் உருவாகாது. ஆனால் மௌனமாக இருந்தால் ஒப்புக்கொண்டதாக வாதிடுவார்கள். லைன் நிற்கும் நஷ்டம், ஒப்பந்தத்தின்போதே இரு தரப்பும் எதிர்பார்த்த ஒன்றாக இருந்தால்தான் ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 73-இன் கீழ் கிடைக்கும். முதல் கிளிப் உடைந்த பிறகும் அதே லாட்டைப் பொருத்திக்கொண்டே இருந்தார்களா என்று கேளுங்கள். நஷ்டத்தைக் குறைக்க வேண்டியது அவர்கள் கடமையும்தான். ஆர்டரில் அபராதத் தொகை அச்சாகியிருந்தாலும், அதே சட்டத்தின் பிரிவு 74 அந்த அளவுக்குள் நியாயமான நஷ்டஈட்டை மட்டுமே தரும். பிரச்சினை தீரும்வரை, பில் தொகையைக் குறைத்துக் காட்டும் ஜிஎஸ்டி கிரெடிட் நோட் போட்டுவிடாதீர்கள். சரக்கு குறைபாடானது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகக் காட்டுவார்கள்.

ஆர்டர் வாங்கும் முன்பே குறு அல்லது சிறு நிறுவனமாக, அரசின் உத்யம் தளத்தில் பதிவு செய்திருந்தால் உங்கள் கை ஓங்கும். குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006-இன்படி, டெலிவரியிலிருந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் டெலிவரி நாளே ஏற்பு நாள். அதிலிருந்து ஒப்பந்தக் கெடு தாண்டினால் (அந்தக் கெடு எப்படியும் 45 நாளுக்கு மேல் போகக்கூடாது), ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக ஏறும். அந்தச் சட்டத்தின் பிரிவு 18-இன்கீழ், இப்படிப்பட்ட பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் வசதிக் கவுன்சிலில் மனு கொடுங்கள். அங்கேயும் அவர்கள் உடைந்த கிளிப்புக்கு எதிர்க்கோரிக்கை வைப்பார்கள் என்பதால் ஆய்வக ரிப்போர்ட் கையில் இருக்கட்டும்.

இந்த வாரமே இரண்டு கடிதங்கள் போகட்டும். நிறுவனத்துக்கு: டெபிட் நோட்டை மறுக்கிறேன், உடைந்த கிளிப்புகளை லாட், கேவிட்டி எண்ணோடு பத்திரப்படுத்தி, கூட்டுச் சோதனைக்குத் தேதி சொல்லுங்கள். மூலப்பொருள் சப்ளையருக்கு: இந்த லாட்டில் புகார் வந்துள்ளது, உங்கள் மீதான உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. உங்கள் பட்டறையில் மிச்சமுள்ள மூட்டையை ஈரம் புகாமல் நீங்கள் சீல் வையுங்கள், அதை மோல்டிங்குக்கு எடுக்காதீர்கள். சோதனை உங்கள் டிரையரைக் காட்டினால், மாற்றுக் கிளிப்புகளையும் உடைந்தவற்றின் விலையையும் கொடுத்து, லைன் நின்ற கோரிக்கையை எழுத்தில் கைவிடச் செய்து சமரசம் முடிப்பதே லாபம்.