அறுப்பு மெஷினும் கூலி நெல்லும்: சில கேள்விகள், என் பதில்கள்

திருவாரூர் பக்கம் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறேன். நெல் அறுப்பு மெஷின் பற்றிக் கேட்டவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மன்னார்குடி தம்பி: ஆள் இல்லாததால் மெஷின் வந்ததா, மெஷின் வந்ததால் ஆள் போனார்களா அண்ணே?

இரண்டும்தான் தம்பி. இளவட்டங்கள் திருப்பூருக்குப் போனார்கள். போக முடியாமல் ஊரில் நின்றது நாற்பது, ஐம்பது வயதுப் பெண்கள். பெல்ட் வண்டி, அதாவது டயருக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் அறுப்பு மெஷின், அடித்தது அவர்கள் வயிற்றில்தான். இருபது பேர் ஒரு நாள் முழுக்க அறுத்த ஏக்கரை அது ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடித்துவிடும். வண்டியும் டிரைவரும் பெரும்பாலும் ஆத்தூர், சேலம் பக்கத்திலிருந்து வருகிறார்கள். அந்த இருபது வீட்டுக்குக் கூலியாகப் போன நெல், இப்போது மணி வாடகையாக ஊரை விட்டே போகிறது.

கீழ்வேளூர் சகோதரி: கூலி மட்டும்தானே போனது?

இல்லைம்மா. கையறுப்பில் வயலில் விழுந்த கருதைப் பொறுக்கலாம். களத்தில் கடைசியாக மண்ணோடு கூட்டி அள்ளி, முறத்தில் புடைத்து, முந்தானையில் முடிந்துகொண்டு போவார்கள். எந்தக் கணக்கிலும் வராத நெல் அது, ஆனால் அன்றைக்கு ராத்திரி உலையில் விழும். மெஷின் அறுப்பில் களமே கிடையாது. நெல் நேராக டிராக்டர் பெட்டியில் கொட்டுகிறது. நடவும் அப்படித்தான். நேரடி விதைப்பு செய்தால் நாற்றுப் பறி, நடவு இரண்டும் இல்லை. இரண்டும் பெண்கள் கை வேலை. மெஷின் ஓட்டப் பழக்கியது பெரும்பாலும் ஆண்களைத்தான்.

தஞ்சாவூர் மாணவர்: பசுமைப் புரட்சியிலும் இப்படித்தானா?

ஆமாம். 1960களில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் வந்து விளைச்சல் ஏறியது, கூலி ஏறவில்லை. அரைப்படி நெல் கூடக் கேட்ட போராட்டத்தின் பின்னணியில்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை நிலக்கிழார் ஆட்கள் எரித்தார்கள். 1969இல் கிழக்குத் தஞ்சைக்கு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. விதை தானாகக் கூலியை உயர்த்தவில்லை, சங்கம்தான் உயர்த்தியது.

பாபநாசம் விவசாயி: எனக்கு மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர்தான் நிலம். மெஷின் வைத்தது தப்பா ஐயா?

உங்களைச் சொல்லவே மாட்டேன் ஐயா. தை மழையில் சம்பா சாய்ந்தால் யாரும் காத்திருக்க முடியாது.

மன்னார்குடி தம்பி: மெஷின் வாங்க அரசு மானியம் இருக்கிறதே?

சிறு விவசாயிக்குப் பாதி விலை வரை கிடைக்கும். ஆனால் நிலம் சொந்தம் என்று காட்டும் சிட்டா கேட்பார்கள். அறுத்தே பிழைத்தவளிடம் ஏது சிட்டா? நிலமில்லாத பெண்கள் குழுவாகச் சேர்ந்தால் அந்த மானிய வண்டி அவர்கள் பெயரில் நிற்க வேண்டும். ஒன்றியந்தோறும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.