கேளுங்க, சொல்றோம்: ஹெமிஸ் மலையில டென்ட் போடலாமா?

கேள்வி: நாங்க நாலு பேர், எல்லாருக்கும் விவசாயம்தான். லடாக்ல ஹெமிஸ் நேஷனல் பார்க் போயி மார்க்கா பள்ளத்தாக்குல டென்ட் போட்டு தங்கணும்னு ஆசை. அறுவடை முடிஞ்சு மாசியில கையில காசும் இருக்கும், வேலையும் இருக்காது, அப்ப போலாமா? கூட வர்ற ஒருத்தன் கபடி ப்ளேயர், மூச்செல்லாம் எனக்கு மேட்டரே இல்லங்கிறான்.
- வாசகர், மன்னார்குடி

பதில்: மாசி வேணாங்க. ராத்திரி மைனஸ் 20 கூட போகும், புதுசா போறவங்க தாங்குற குளிர் இல்ல. ஜூன் கடைசியிலேர்ந்து செப்டம்பர் வரைக்கும்தான் தோதான சீசன். குறுவைக்காரங்க பாடு கஷ்டம்தான், மேட்டூர் தொறந்துட்டா வயல விட்டு எங்க நகர்றது, ஆனா சம்பா மட்டும் போடுறவங்கன்னா நாத்து விடுறதுக்கு முன்னாடி ஜூலையில போயிட்டு வந்துடலாம். அப்ப வெயிலுக்கு பனி உருகி மத்தியானத்துக்கு மேல ஆத்துல தண்ணி ஏறும், எறங்கி கடக்குற எடத்தையெல்லாம் காலையிலயே கடந்துடுங்க.

கபடிக்காரர்கிட்ட சொல்லுங்க, அங்க ஒடம்பு பலம் செல்லாது. தமிழ்நாட்டுலயே உசரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான், லடாக்ல நாம போய் எறங்குற லே டவுனே சுமார் 3,500. நாம கடல் மட்டத்துலேர்ந்து ஃப்ளைட்ல நேரா போய் எறங்குறோம், அதனால மொத ரெண்டு நாள் ரூம்லயே கெடக்கணும், ஊர் சுத்தல் கூடாது, சரக்கு கூடவே கூடாது. அப்புறமும் படுக்குற எடத்தோட உசரத்த ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல ஏத்தாதீங்க. கடைசி கேம்ப் நிமாலிங் 4,700 கிட்ட, அடுத்து தாண்டுற கோங்மாரு லா கணவாய் 5,200 கிட்ட, அங்க ஒரு மூச்சுக்கு கெடைக்கிற ஆக்சிஜன் நம்ம ஊர்ல கெடைக்கிறதுல பாதி சொச்சம்தான். தலைவலி, குமட்டல்னா அதுக்கு மேல ஏறாம அங்கயே நில்லுங்க. சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு எறைக்குது, நடை தள்ளாடுது, பேச்சு கொழறுதுன்னா ராத்திரின்னு பாக்காம கீழ எறக்கிடணும், காலையில பாத்துக்கலாங்கிற பேச்சே கூடாது. இந்த மாதிரி உசரத்தால வர்ற கோளாறுக்கு போடுற டயமாக்ஸ் மாத்திரைய டாக்டர கேக்காம போடாதீங்க, சல்ஃபா அலர்ஜி இருந்தா மறக்காம சொல்லிடுங்க. திருச்சி மலைக்கோட்டை 400 சொச்சம் படிய தெனம் ஏறி எறங்குங்க, நல்லதுதான், ஆனா அது முழங்காலுக்குத்தான் பயிற்சி, காத்து கொறையறதுக்கு இல்ல.

கேள்வி: பொன்னி அரிசி எடுத்துட்டு போயி நாங்களே வடிச்சு சாப்பிடலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: வடிக்கிறதெல்லாம் நடக்காதும்மா. 4,000 மீட்டர்ல தண்ணி 87 டிகிரி கிட்டயே கொதிச்சிடும், எவ்வளவு நேரம் கொதிச்சாலும் அதுக்கு மேல சூடேறாது, சோறு வெளிய கொழகொழன்னும் உள்ள நறுக்குன்னும் நிக்கும். சின்ன குக்கர் கட்டாயம். புழுங்கலரிசிய விட பச்சரிசி சீக்கிரம் வேகும், அரை மணி நேரம் ஊற வெச்சுடுங்க. என்னைக் கேட்டா ரெண்டு கிலோ அவல் போதும், நனைச்சா சாப்பாடு. கேஸ் கேன ஃப்ளைட்ல விடமாட்டாங்க, லேயில வாங்கிக்கலாம். குளிருதுன்னு டென்ட்டுக்குள்ள மட்டும் அடுப்பு பத்த வெச்சுடாதீங்க, கார்பன் மோனாக்சைடு தூக்கத்துலயே ஆள முடிச்சிடும்.

கேள்வி: பனிச்சிறுத்தை டென்ட்டுக்கு வருமா?
- வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: அது மனுஷன கண்டாலே ஒதுங்கிப் போற ஜீவன். குளிர்காலத்துலதான் கீழ எறங்கும், அத பாக்கணும்னே வர்றவங்களும் அப்பதான் வருவாங்க. ஜூலையில உங்க கண்ணுல படப்போறது பொந்துலேர்ந்து எட்டிப் பாக்குற மர்மோட்டுதான், பெரிய அணில் மாதிரி இருக்கும், பிஸ்கட் போட்டு பழக்காதீங்க. மிச்ச சோத்தையும் வெளிய கொட்டாதீங்க, நாய் வரும். பிளாஸ்டிக் கவர் எல்லாத்தையும் லே வரைக்கும் தூக்கிட்டு வந்துடணும்.