சைரீனியரின் இன்பவாதமும் அறிவுக் கோட்பாடும்: கேள்வி பதில்

கேள்வி: இன்பமே வாழ்வின் இலக்கு என்னும் கிரேக்க இன்பவாதம் என்றதும் எல்லோரும் எபிகியூரசையே சொல்கிறார்கள். அவருக்கு முன்னரே அப்படியொரு மரபு இருந்ததா?

பதில்: இருந்தது. என் பார்வையில் அது எபிகியூரசின் மரபைவிடத் துணிச்சலானது. இன்றைய லிபியாவின் வடகிழக்குக் கரையோரத்தில், தேரா தீவிலிருந்து போன கிரேக்கர்கள் கி.மு. ஏழாம் நூற்றாண்டில் நிறுவிய செழிப்பான நகரம் சைரீன். சாக்ரடீசின் புகழைக் கேட்டு அங்கிருந்து ஏதென்சுக்கு வந்தவர் அரிஸ்டிப்பஸ். அவருடைய காலம் ஏறத்தாழ கி.மு. 435 முதல் 356 வரை. அவர் வழிவந்த தத்துவப் பள்ளியினரே சைரீனியர். அவருடைய மகள் அரேட்டே தந்தையிடம் தத்துவம் கற்றுத் தன் மகனுக்கும் கற்பித்தார். தாத்தாவின் பெயரையே தாங்கிய அந்தப் பேரனுக்குத் ‘தாயிடம் கற்றவர்’ என்ற அடைமொழி நிலைத்தது. பள்ளியின் கோட்பாடுகளை ஒழுங்குபடுத்தி வரையறுத்தவர் இந்தப் பேரனாகவே இருக்கக்கூடும். அவர்களின் நூல்கள் எவையும் எஞ்சவில்லை என்பதால், டயோஜெனிஸ் லேர்ட்டியஸ், செக்ஸ்டஸ் எம்பிரிக்கஸ், புளூட்டார்க், சிசரோ போன்ற பிற்காலத்தவர் எழுதி வைத்தவற்றைக் கொண்டே அவர்களை அறிகிறோம்.

கேள்வி: இன்பம் என்று அவர்கள் எதைக் குறிப்பிட்டார்கள்? துன்பம் இல்லாதிருப்பதே இன்பம் அல்லவா?

பதில்: துன்பமின்மையே இன்பத்தின் உச்சம் என்பது எபிகியூரசின் கருத்து, சைரீனியர் அதை அடியோடு மறுத்தார்கள். அவர்களுக்கு இன்பம் என்பது மென்மையான அசைவு, துன்பம் என்பது கரடுமுரடான அசைவு. இவ்விரண்டும் இல்லாத நிலை, உறங்குபவனின் நிலையைப் போன்ற ஒரு நடுநிலை மட்டுமே. அசைவு காலப்போக்கில் அடங்கிவிடும் ஆதலால், நேற்றைய இன்பத்தை நினைப்பதையும் நாளைய இன்பத்தை எதிர்பார்ப்பதையும் அவர்கள் இன்பமாகக் கணக்கில் எடுக்கவில்லை. மன இன்பத்தைவிட உடல் இன்பம் மேலானது என்றார்கள். குற்றவாளிகளுக்கு உடலை வருத்தும் தண்டனையே தரப்படுகிறது என்பதை அதற்குச் சான்றாகக் காட்டினார்கள். ஆயினும் எல்லா இன்பமும் உடல்வழியே வருவதாக அவர்கள் சொல்லவில்லை. தாய்நாடு செழிக்கக் கண்டு மகிழ்வது உடலைச் சார்ந்ததன்று; மேடையில் நடிக்கப்படும் அழுகை நமக்கு இன்பமாகவும், உண்மையான அழுகை துன்பமாகவும் இருப்பது ஏன் என்றும் அவர்கள் சிந்தித்திருக்கிறார்கள்.

இதைவிட வியப்பான கருத்து ஒன்று உண்டு. வாழ்வு முழுவதையும் தழுவிய நல்வாழ்வே மனிதனின் இறுதி இலக்கு என்பதில் பிளேட்டோ, அரிஸ்டாட்டில், எபிகியூரஸ் ஆகிய மூவரும் உடன்பட்டிருக்க, சைரீனியர் மட்டும் இலக்கு என்பது அந்தந்தத் தனி இன்பமே என்றார்கள். நல்வாழ்வு அத்தகைய இன்பங்களின் தொகுப்பு மட்டுமே. அந்த இன்பங்களுக்காகவே அது விரும்பப்படுகிறது.

கேள்வி: இன்பத்தைத் தேடியவர்களுக்கு அறிவைப் பற்றி என்ன கவலை?

பதில்: அவர்களுடைய மிக ஆழமான சிந்தனை அங்கேதான் இருக்கிறது. தேனை நாவில் வைத்தால் எனக்கு இனிப்புணர்வு ஏற்படுகிறது. அதில் நான் ஏமாற வழியில்லை. ஆனால் அந்தத் தேன் தன்னியல்பில் இனிப்பானதா என்பதை என்னால் ஒருபோதும் அறிய முடியாது. மஞ்சள் காமாலை உள்ளவனுக்கு எல்லாம் மஞ்சளாகத் தோன்றலாம். அவ்வாறு தோன்றுவது உண்மை, பொருள்கள் மஞ்சள் என்பது உண்மையன்று. நமக்குள் நிகழும் உணர்வுநிலைகள் மட்டுமே ஐயத்துக்கு அப்பாற்பட்டவை, அவற்றை உண்டாக்கும் வெளிப்பொருள்களின் இயல்பு அறிவுக்கு எட்டாதது என்பதே அவர்களின் முடிவு. வெளியுலகம் இல்லை என்று அவர்கள் வாதிட்டதாகக் கொள்ளக்கூடாது; உணர்வை ஏதோ ஒன்று தூண்டுகிறது என்பதை ஏற்றுக்கொண்டே, அது எத்தகையது என்று சொல்ல மறுத்தார்கள். பைரோவின் வழிவந்த ஐயவாதிகளிடமிருந்து இவர்களைச் செக்ஸ்டஸ் பிரித்துக் காட்டுவதும் இங்கேதான்: ஐயவாதிகள் தீர்ப்பை நிறுத்தி வைக்கிறார்கள், சைரீனியரோ வெளிப்பொருளின் இயல்பை அறியவே முடியாது என்று உறுதியாகச் சொல்லிவிடுகிறார்கள்.

கேள்வி: அப்படியானால் ஒருவரோடு ஒருவர் பேசுவது எப்படி? தம் உணர்வை மட்டுமே அறிந்தவர் மாணவருக்கு எதைக் கற்பிப்பார்?

பதில்: எபிகியூரசின் மாணவர் கொலோட்டஸ் இதை முன்பே கேலி செய்திருக்கிறார் என்று புளூட்டார்க் எழுதுகிறார்: சுவர் இருக்கிறது, குதிரை இருக்கிறது என்று சொல்லாமல், தாம் சுவராக்கப்படுவதாகவும் குதிரையாக்கப்படுவதாகவும் இவர்கள் சொல்ல வேண்டியிருக்குமாம். புளூட்டார்க் அந்தக் கேலியை ஏற்கவில்லை. இனிமையும் கசப்பும் வெண்மையும் போன்ற உணர்வுநிலைகளைப் பற்றியே சைரீனியர் பேசினார்கள் என்கிறார். உங்கள் கேள்விக்கு அவர்களே தந்த பதில், சொற்கள் எல்லோருக்கும் பொது, உணர்வுகள் அவரவருக்குரியவை என்பதாகும். நீங்களும் நானும் ஒரு பொருளை வெள்ளை என்று அழைக்கலாம்; எனக்குள் நிகழ்வதுதான் உங்களுக்குள்ளும் நிகழ்கிறதா என்று இருவராலும் சரிபார்க்க இயலாது. இந்தப் பதில் முழுமையானது என்று நான் கருதவில்லை, ஏனெனில் ‘நீங்கள்’ என்ற ஒருவர் எதிரே இருப்பதை நான் எவ்வாறு அறிந்தேன் என்ற வினாவுக்கு அதில் விடையில்லை.

கேள்வி: இந்த அறிவுக் கோட்பாட்டுக்கும் இன்பக் கோட்பாட்டுக்கும் தொடர்பு உண்டா, அல்லது இரண்டும் தற்செயலாக ஓரிடத்தில் சேர்ந்தவையா?

பதில்: ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தொடர்பு உண்டு என்பதே என் கருத்து. நான் ஐயமின்றி அறிவது இப்போது நிகழும் உணர்வை மட்டுமே எனில், நன்மை தீமையையும் அதற்குள்ளேயே தேட வேண்டியிருக்கிறது. கடந்த இன்பமும் வரவிருக்கும் இன்பமும் மதிப்பிழப்பதும் இதனோடு பொருந்துகிறது. நீதியும் இழிவும் இயற்கையால் அமைந்தவை அல்ல, வழக்கத்தாலும் சட்டத்தாலும் அமைந்தவை என்று அவர்கள் சொன்னதையும் இதே வரிசையில் வைக்கலாம்.

கேள்வி: அரிஸ்டிப்பஸ் சுகபோகத்துக்கு அடிமையாக இருந்தவர்தானே?

பதில்: அடிமை என்ற சொல்லை அவர் ஏற்றிருக்கமாட்டார். லாயிஸ் என்ற கணிகையோடு கொண்ட உறவைப் பழித்தவர்களிடம், அவளை நான் உடைமையாக வைத்திருக்கிறேன், அவள் என்னை வைத்திருக்கவில்லை என்று சொன்னதாகக் கதை உண்டு. இன்பத்தைத் துறப்பதில் சிறப்பில்லை, அதற்குக் கட்டுப்படாமல் துய்ப்பதே சிறப்பு என்பது அவர் நிலைப்பாடு. சிசிலித் தீவின் சைரக்கூஸ் மன்னன் டயோனிசியஸ் தம் முகத்தில் உமிழ்ந்தபோது, சிறு மீனுக்காகச் செம்படவர்கள் கடல்நீரில் நனையவில்லையா என்று கேட்டாராம். இவையெல்லாம் நூற்றாண்டுகள் கழித்துத் தொகுக்கப்பட்ட துணுக்குகள் என்பதால் அளவோடுதான் நம்ப வேண்டும்.

கேள்வி: பிற்காலத்தில் இந்தப் பள்ளி என்னவாயிற்று?

பதில்: மூன்று திசைகளில் பிரிந்தது. நாத்திகர் என்று பெயர்பெற்ற தியோடோரஸ், தனித்தனி இன்பங்களின் இடத்தில் மனமகிழ்ச்சியை இலக்காக வைத்தார். ஹெகேசியஸ், உடல் துன்பங்களால் நிறைந்தது, உள்ளம் அதனோடு சேர்ந்து வருந்துகிறது, விதியோ நம்பிக்கைகளைக் குலைக்கிறது, ஆகவே முழுமையான நல்வாழ்வு கிட்டாது என்று முடிவுகட்டினார். அவருடைய சொற்பொழிவுகளைக் கேட்டுப் பலர் உயிரைத் துறந்ததால் எகிப்தை ஆண்ட தாலமி மன்னர் அவற்றுக்குத் தடை விதித்தார் எனச் சிசரோ எழுதுகிறார். அன்னிசெரிஸ் மட்டும் நட்பையும் நன்றியையும் பெற்றோர் மீதான மதிப்பையும் மீட்டெடுக்க முயன்றார். நண்பனின் மகிழ்ச்சியை நம்மால் உணர முடியாது என்பதை ஒப்புக்கொண்டுவிட்டு, ஆயினும் அவனுக்காகத் துன்பத்தை ஏற்பான் அறிஞன் என்றார். இன்பமே இலக்கு என்பதை விடாமல் இதை எப்படிச் சொல்ல முடியும் என்பதற்கு, எஞ்சியிருக்கும் குறிப்புகளில் விளக்கம் இல்லை.