கூட்டிக்கொண்டு போங்கள்

அன்புள்ள ஐயா,

தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தவள் நான். வயது 26. ஓய்வுநாள் பாடசாலையில் பாடம் நடத்துகிறேன். புதிதாக வந்திருக்கும் குருவானவர், சபையின் வாலிபப் பெண்களை ஆவிக்குரிய காரியங்களில் வழிநடத்தும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார். பயமாக இருக்கிறது. என்னையே யாரும் அப்படி வழிநடத்தியதில்லை. குருவானவர்கள் சில வருஷங்களில் மாறிப் போய்விடுகிறார்கள். மூத்தவர்களுக்குச் சபைத் தேர்தல் கவலை. யூடியூப் பிரசங்கங்கள்தான் எனக்குத் துணை. என்னிடம் இல்லாததை நான் எப்படிக் கொடுப்பது?

ஒரு வாசகி

அன்புச் சகோதரிக்கு,

பிரசங்கம் கேளுங்கள், நல்லதுதான். ஆனால் அங்கே பேசுகிறவருக்கு உங்களைத் தெரியாது. துக்க வீட்டில் எப்போது வாயைத் திறப்பது, கோபித்துக்கொண்டு ஆராதனைக்கு வராமல் நின்றுவிட்ட அக்காவிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்பதெல்லாம் யாருடனாவது கூடப் போனால்தான் வரும்.

எங்கள் ஊர் சபை ஊழியர், வீடு சந்திக்கப் போகும்போதெல்லாம் பையன்களில் ஒருவனைக் கூப்பிட்டுக்கொள்வார். நோயாளி வீட்டில் போனதும் வேதப் புத்தகத்தைத் திறக்க மாட்டார். திண்ணையில் உட்கார்ந்து முதலில் அவர்களைப் பேசவிடுவார். ஒரு சிறிய சங்கீதம் வாசித்துவிட்டு, திடீரென்று எங்களைப் பார்த்து "நீ ஜெபி தம்பி" என்பார். திரும்பும் வழியில் ஒரே கேள்விதான்: "அவங்க சொல்லாம விட்டது என்னன்னு நினைக்க?" எத்தனையோ பிரசங்கங்கள் மறந்துவிட்டன. அந்தக் கேள்வி இன்றைக்கும் என்னோடு இருக்கிறது.

உங்கள் பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1910-ல் எடின்பர்க் மிஷனெரி மாநாட்டில், வெளிநாட்டு மிஷனெரிகளின் தியாகத்துக்கு நன்றி சொன்ன அதே பேச்சில், எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டவர். எஜமானும் வேலைக்காரனும் போலப் பழகினால் சபையில் தலைவர்கள் உருவாக மாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1912-ல், தெலுங்கு பேசும் பகுதியிலுள்ள தோர்ணக்கல்லின் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர்தான். அந்தத் தெலுங்குக் கிராமங்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஞானஸ்நானம் பெறுகிறவர்களைத் தங்கள் தலையில் கை வைக்கச் சொல்லி, சுவிசேஷத்தைச் சொல்லாவிட்டால் எனக்கு ஐயோ என்று பவுலின் வார்த்தையைச் சொல்ல வைப்பார். நேற்று வந்தவர் கையிலும் அன்றைக்கே பொறுப்பு! கிராம ஊழியத்துக்குப் பயிற்சி பெற வந்தவர்களின் மனைவிகளுக்கும் அங்கே பயிற்சி கொடுத்தார்கள். எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது இதுதான். குடும்பத்துக் கஷ்டத்தில் பாதியை ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம்தானே சொல்வாள்?

அதனால், எல்லாம் கற்று முடித்த பிறகு தொடங்கலாம் என்று காத்திருக்காதீர்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில், மேடை ஏறாமல் வீடு வீடாகப் போய் ஜெபிக்கிற ஒரு பெரியம்மா கண்டிப்பாக இருப்பார். அவரிடம் போய் "எனக்குச் சொல்லிக்கொடுங்கள்" என்றால் கூச்சப்பட்டு நழுவிவிடுவார். "நீங்கள் போகும்போது நானும் வரட்டுமா?" என்று கேளுங்கள். போகும்போது உங்கள் பெண்களில் இரண்டு பேரையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஒன்றைக் கண்டிப்போடு சொல்ல வேண்டியிருக்கிறது. வழிநடத்துதல் என்ற பெயரில் எந்த வேலைக்குப் போவது, யாரைக் கட்டுவது என்பதையெல்லாம் முடிவு செய்கிற ஆவிக்குரிய தகப்பன்மார்கள் பெருகிவிட்டார்கள். கேள்வி கேட்டால் கீழ்ப்படியாமை என்கிறார்கள். பவுல் தன் இளம் உடன் ஊழியன் திமோத்தேயுவுக்குச் சொல்லிக்கொடுத்தது அநேக சாட்சிகளுக்கு முன்பாக. உங்கள் கூடுகையும் வீட்டாருக்கும் குருவானவருக்கும் தெரிந்து, கதவு திறந்திருக்க நடக்கட்டும். ஒரு பெண் தனக்கு நடந்த கொடுமையைச் சொன்னால், உன் ரகசியத்தைக் காப்பேன் என்று வாக்குக் கொடுத்து அதைத் தனியாகச் சுமக்காதீர்கள். யாரிடம் சொல்லப் போகிறீர்கள் என்பதை அவளிடமே சொல்லிவிட்டு, உதவக்கூடியவர்களிடம் போங்கள். சின்னப் பெண்ணாக இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடத் தயங்கவே வேண்டாம்.

அப்புறம், ஒருத்தியாவது பாதியில் விட்டுப் போவாள். பவுலோடும் பர்னபாவோடும் ஊழியப் பயணம் புறப்பட்ட மாற்கும் அப்படிப் போனவன்தான். அவனை மறுபடி சேர்க்க மாட்டேன் என்றார் பவுல். பர்னபா விடவில்லை, அவனைச் சீப்புரு தீவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பல வருஷம் கழித்து சிறையிலிருந்து திமோத்தேயுவுக்கு எழுதும்போது, மாற்கைக் கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று அதே பவுல் கேட்கிறார். விட்டுப் போகிறவளின் பெயரை உங்கள் ஜெபக் குறிப்பிலிருந்து எடுத்துவிடாதீர்கள். அவள் வீட்டுக்குப் போவதையும் நிறுத்தாதீர்கள்.