பழைய கருவிகளும் துருவும்

கேள்வி: பழைய ஸ்டான்லி இழைப்புளி ஒன்றை வாங்கினேன். அலகை இறக்கிப் பார்த்தால், உடலின் வார்ப்பில் 1902-ஆம் ஆண்டுத் தேதிகள் இரண்டும், 1910 ஏப்ரல் 19 என்ற தேதியும் உள்ளன. இது 1902-இல் செய்ததா? பளபளப்பாகத் தேய்க்கலாமா?

பதில்: அவை செய்த நாட்கள் அல்ல, காப்புரிமை பெற்ற நாட்கள். ஆகவே 1910-க்கு முன் இது வார்க்கப்பட்டிருக்க முடியாது. அலகு மட்டும் பின்னாளில் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால், அதன் முத்திரையைத் தனியே ஒப்பிட்டுப் பாருங்கள்.

தேய்ப்பதில் அவசரம் வேண்டாம். பல ஆண்டுக் கைப்புழக்கத்தில் படிந்த கருமையைச் சுரண்டிவிட்டால், சேகரிப்பாளர் கண்ணில் கருவியின் மதிப்புக் குறைந்துவிடும் (புதிதுபோல் மின்னும் பழங்கருவியைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும்). துருப் பிடித்த இரும்புப் பகுதிகளை மட்டும் கழற்றி, வினிகரில் ஓரிரவு ஊறவைத்து, சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, ஈரம் சிறிதுமின்றித் துடைத்து, உடனே எண்ணெய் பூசுங்கள். கறுப்புப் பூச்சுள்ள உடலை ஊறவைக்காமல், மென்மையான இரும்பு நாரால் எண்ணெய் தொட்டுத் துடைத்தாலே போதும். அலகைச் சாணைச் சக்கரத்தில் சூடேற விடாதீர்கள். முனை நீலம் பாரித்தால் எஃகின் பதம் போய்விட்டது என்று பொருள்.