உழவும் மண்ணின் கரிமமும்: கேள்வி பதில்

கேள்வி: உழுதால் மண்ணின் கரிமம் ஏன் குறைகிறது?

பதில்: மண்ணில் தழையும் வேரும் மக்கி உருவாகும் மட்கின் எடையில் ஏறத்தாழ 58 விழுக்காடு கரிமம் (கார்பன்). அதில் பெரும்பகுதி களிமண் துகள்களோடு ஒட்டியும், மண்கட்டிகளின் நுண்துளைகளில் அடைபட்டும் கிடப்பதால் நுண்ணுயிர்களுக்கு எளிதில் எட்டுவதில்லை. கலப்பை அக்கட்டிகளை உடைத்துக் காற்றை உள்ளே விட்டதும் நுண்ணுயிர்கள் அந்த மட்கைத் தின்று கரிமத்தைக் கரியமில வாயுவாக வெளிவிடுகின்றன. இதை நீங்களே பார்க்கலாம். பல ஆண்டுகளாக உழாத வரப்போரத்திலிருந்து ஒரு கட்டியையும், ஓயாமல் உழும் வயலின் நடுவிலிருந்து ஒரு கட்டியையும் எடுத்து, நிழலில் நன்றாக உலர்த்தி, இரண்டு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் மெல்ல இறக்குங்கள். முதலாவது குமிழி விட்டாலும் பெரும்பாலும் உருக்குலையாமல் நிற்கும். இரண்டாவது சில நிமிடங்களில் சரிந்து தண்ணீரைக் கலக்கிவிடும். அப்படிச் சரியும் துகள்கள்தாம் மழைக்குப் பின் ஏடு படிந்ததுபோல் இறுகி, முளையை வெளியே வரவிடாமல் தடுக்கின்றன.

கேள்வி: சுழலும் கத்திகளால் மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டர் ஓட்டலாமா?

பதில்: பதமான ஈரத்தில் ஒருமுறை ஓட்டலாம், மண்ணை மாவாக அரைக்கும் வரை ஓட்ட வேண்டாம். சேறாக இருக்கும்போது எந்தக் கருவியையும் வயலில் இறக்காதீர்கள்.

கேள்வி: ஐந்து ஆண்டுகளாக உழாமல் பயிர் செய்கிறேன். கரிமம் 0.6 விழுக்காட்டிலிருந்து 0.9 ஆகியிருக்கிறது. உழாமைதான் கரிமத்தைப் பெருக்கும் என்பதற்கு இது போதாதா?

பதில்: மாதிரியை எந்த ஆழத்தில் எடுத்தீர்கள்?

அவரே: மேல் ஐந்து சென்டிமீட்டரில்.

பதில்: அப்படியானால் போதாது. உழாத நிலத்தில் தாளும் சருகும் மேலேயே தங்கி மட்குகின்றன. உழும் நிலத்திலோ அவை கலப்பை இறங்கும் ஆழம்வரை புரண்டு பரவுகின்றன. ஆகவே மேற்பரப்பை மட்டும் அளந்தால் உழாத நிலம் பெரும்பாலும் முந்தி நிற்கும். 30 சென்டிமீட்டரும் அதற்குக் கீழும் அளந்த பல ஆய்வுகளில் அந்த வேறுபாடு மிகவும் சுருங்கியிருக்கிறது. விழுக்காட்டை மட்டும் நம்புவதும் தவறு. ஒரு எக்டேரில் 30 சென்டிமீட்டர் ஆழத்து மண், அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 1.3 டன் என்றால், 3,900 டன். அதில் ஒரு விழுக்காடு கரிமம் 39 டன். அதே மண் இறுகி அடர்த்தி 1.5 ஆகிவிட்டால், ஒரு கைப்பிடிகூடப் புதிதாகச் சேராமலே கணக்கு 45 டன் காட்டும். சம எடையுள்ள மண்ணைத்தான் ஒப்பிட வேண்டும்.

இன்னொருவர்: ‘அகல உழுவதை ஆழ உழு’ என்றுதானே பழமொழி?

பதில்: அது மரக்கலப்பைக் காலத்துச் சொல். அக்கலப்பை ஒரு சாண் ஆழத்துக்குள் மண்ணைக் கீறியதே தவிர, அடிமண்ணை மேலே புரட்டிப் போடவில்லை. அதை டிராக்டருக்கு அளவுகோலாகக் கொள்ளாதீர்கள்.

முன்னவரே: அப்படியானால் என் ஐந்து ஆண்டுகளும் வீணா?

பதில்: இல்லவே இல்லை. மழைத்துளியை முதலில் தாங்குவது அந்த மேல் ஐந்து சென்டிமீட்டர்தான். அங்கே மட்கு கூடினால் தண்ணீர் உள்ளே இறங்கும், அரிப்பு குறையும், மண்புழுத் துளைகள் நிலைக்கும். உங்கள் மண்ணின் நலம் கூடியிருக்கிறது. மொத்தக் கரிமம் கூடியதா என்பது வேறு கேள்வி. அதற்கு வேராகவும் தாளாகவும் எருவாகவும் உள்ளே வருவது பெருக வேண்டும். இங்கிலாந்தில் ரோத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1843 முதல் நடந்துவரும் பிராட்பாக் கோதுமைச் சோதனையில், ஆண்டுதோறும் தொழுஉரம் பெறும் பகுதியின் கரிமம் எந்த உரமும் பெறாத பகுதியைப்போல் இரு மடங்குக்கும் மேல் இருக்கிறது. இத்தனைக்கும் இரண்டும் உழப்படும் நிலங்களே.

கேள்வி: தாளை எரித்தால் சாம்பல் உரமாகாதா?

பதில்: சாம்பல்சத்து (பொட்டாசியம்) மிஞ்சும், கரிமமும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) பெரும்பாலும் காற்றோடு போய்விடும். எரிக்காதீர்கள்.

கேள்வி: வைக்கோலை மடக்கி உழுத பின் பயிர் மஞ்சளாகிறதே?

பதில்: வைக்கோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு ஏறத்தாழ 80 பங்கு கரிமம் இருப்பதால், அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பயிருக்குரிய தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. விதைப்புக்குச் சில வாரங்கள் முன்பே, பயறு வகைப் பசுந்தாளோடு சேர்த்து மடக்குங்கள்.

கேள்வி: எந்த உயிர் உரம் சிறந்தது?

பதில்: இது என் துறை அன்று, நுண்ணுயிரியல் அறிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: உழாவிட்டால் மூன்றே ஆண்டில் கரிமம் இரட்டிக்குமா?

பதில்: எந்த ஆழத்தில்? இதற்கு மேலே விரிவாகச் சொல்லிவிட்டேன். ஆழம் சொல்லாத எண்ணை ஏற்காதீர்கள்.

கேள்வி: மாதிரி எடுக்கும் முறையைச் சொல்லுங்கள்.

பதில்: அறுவடை முடிந்து, உரமிடும் முன், ஒவ்வொரு முறையும் அதே மாதத்தில் எடுங்கள். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, 0–10, 10–20, 20–30 சென்டிமீட்டர் மண்ணைத் தனித்தனிப் பைகளில் இடுங்கள். அடர்த்தி காண, கொள்ளளவு தெரிந்த இரும்பு உருளையை ஒவ்வோர் ஆழத்திலும் மண்ணில் இறக்கி எடுத்து, உலர்த்தி எடை பாருங்கள்.