பிரிட்ஜ்நார்த் கோட்டைக் கோபுரம் ஏன் சாய்ந்து நிற்கிறது?

இங்கிலாந்தில், செவர்ன் ஆற்றங்கரைச் சந்தை நகரான பிரிட்ஜ்நார்த்தின் மேட்டில் நிற்கும் இக்கோபுரத்தின் சாய்வுக்குக் காரணம், தோற்றவரின் கோட்டை மீண்டும் போருக்கு உதவாதபடி வேண்டுமென்றே உடைத்துப்போடும் 'கோட்டை முடக்கம்' என்ற வழக்கமே. 1101-இல் எழத் தொடங்கிய கோட்டை, உள்நாட்டுப் போரில் மன்னர் முதலாம் சார்லஸின் பக்கம் நின்று, 1646-இல் நாடாளுமன்றப் படையிடம் வீழ்ந்தது. காவற்படை வைத்தால் செலவு. சும்மா விட்டாலோ எதிரி திரும்பவும் புகுந்துகொள்வான். ஆகவே, பிடித்து வைத்த வண்டி ஓடாதிருக்கச் சக்கரத்தைக் கழற்றுவதுபோல, சுவர்களை வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். தடித்த கற்சுவர் கொண்ட இக்கோபுரம் மட்டும் முழுதாக விழாமல், சுமார் 15 பாகை சாய்ந்து நின்றுவிட்டது. பைசா கோபுரத்தின் சாய்வோ ஏறத்தாழ 4 பாகைதான். பைசாவைப் போல இதுவும் அடிமண் இளகிச் சாய்ந்ததாகப் பலர் எண்ணுவது தவறு; இதைச் சாய்த்தது மண்ணல்ல, வெடிமருந்து.